தாலி அகப்பட்டது, சீதனம் தப்பியது

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், ஒரு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருந்தது அந்த உறுதி. மகளின் கலியாணத்தை ஒட்டி வாப்பா தன் வளவையும் வீட்டையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிழக்கிலங்கையில் இது புதினமில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். அடுத்த மகளுக்கு வீடு கட்ட வாப்பா மறுபடி ஓடவேண்டும். அதே வீட்டில் மூத்தம்மா காலத்தில் தாலி கட்டினார்கள். பேத்தி காலத்தில், அது மாற்று மதத்தாரின் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். தாலியும் சீதனமும் தமிழ் அயலவரோடு பகிர்ந்த வழக்கங்களே. ஒன்று விசாரணையில் அகப்பட, மற்றது தப்பியது எப்படி? ஆவணங்களில் தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் 1888இல் கிடைத்தது. சட்டநிரூபண சபையில் தமிழ்பேசுவோரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். மொழியோடு தாலி, சீதனம் போன்ற கலியாணச் சடங்குகளையும் சான்றாக அடுக்கினார். சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனுக்கு மறுப்பு 1907இல் நூலாக வந்தது. எழுதியவர் ஐ. எல். எம். அப்துல் அசீஸ். அயலவரிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் வம்சத்துக்குச் சாட்சியாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இருவரும் தேடியது இரத்த உறவை. ஒரு வழக்கம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்ற கேள்விக்கு அங்கே விடையில்லை. ஆகவே ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்களின் பக்கம் திரும்பினேன்.

பிற சமூகத்துக்கு ஒப்பாக நடப்பவன் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா இதை விரித்து ஒரு நூலே எழுதினார். தாலியை விலக்கச் சொல்வோரின் பிடிமானம் இதுதான். மறுபக்கச் சான்றுகளும் உண்டு. 627இல் மதீனாவைக் காக்க அகழி வெட்டியது நபித்தோழர் ஸல்மான் பாரிஸீ சொன்ன பாரசீக உத்தி. முத்திரையில்லாத கடிதத்தை ரோமர் வாசிப்பதில்லை என்று கேட்டதும் நபியவர்கள் வெள்ளி மோதிர முத்திரை செய்துகொண்டார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) அறிஞர் ஸுயூத்தி, வழக்கத்தை நீதிக்கு ஆதாரமாகக் கொள்ளும் விதியை விளக்கியிருக்கிறார். ஆக, எங்கிருந்து வந்தது என்பதோடு அறிஞர்கள் நிற்பதில்லை. பிற மத வணக்கத்தின் அடையாளமா, மார்க்கத்தின் தெளிவான கட்டளையை மீறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த இரண்டாம் சோதனையில்தான் சீதனம் சிக்குகிறது. குர்ஆனின் நிஸா அத்தியாயம் 4ஆம் வசனப்படி மஹர் என்ற மணக்கொடையைக் கொடுக்க வேண்டியவன் ஆண். பெண் தானாக மனமுவந்து விட்டுத்தருவதை மட்டுமே அவன் அனுபவிக்கலாம். வாப்பா விரும்பி மகளுக்கு எழுதும் வீடு ஹிபா, அதாவது நன்கொடை; அதற்குத் தடையில்லை. வீடு இல்லையென்றால் மாப்பிள்ளை இல்லை என்ற நிபந்தனை வந்துவிட்டால் அங்கே விருப்பம் எங்கே?

அடுத்து சட்டப் புத்தகங்கள். டச்சுக்காரர் பத்தாவியாவிலிருந்து கொணர்ந்த தொகுப்பின் வழிவந்த 1806ஆம் ஆண்டு முகம்மதியர் சட்டக்கோவை முதலில் கொழும்பு மாகாணத்துக்கே உரியது. 1852இல்தான் அது தீவு முழுவதற்கும், அதனால் கிண்ணியா இருக்கும் திருகோணமலைத் துறைமுகக் கரைகளுக்கும் நீண்டது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை ஏற்று, வரைவிலக்கணமும் கொடுக்கிறது: மணமகளின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம் அல்லது அசையும் சொத்து. அதை மனைவி காதி நீதிபதியிடம் வழக்குவைத்துக் கேட்கலாம். வீடு அசையாச் சொத்து. இந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே நிற்கிறது. அது 1931ஆம் ஆண்டு கட்டளைச் சட்டத்தின்படி, அவரவர் மத்ஹபின் நன்கொடை விதிக்குள் போகிறது. குறிஞ்சாக்கேணி உறுதி தப்பிய வழி இதுதான். நிபந்தனையாகக் கேட்டு வாங்கியதும் காகிதத்தில் நன்கொடை என்றே பதிவாகும்.

அதே 1951 சட்டத்தில், தேடிப்போகாத ஒன்றும் அகப்பட்டது. விவாகப் பதிவில் மாப்பிள்ளையும், மணமகளின் பொறுப்பாளரான வலியும் கையெழுத்திடுகிறார்கள். மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவள் உபயோகத்துக்கென்று பணத்தை வரையறுத்த சட்டம், அவள் சம்மதத்துக்கு ஒரு கோடு ஒதுக்கவில்லை. இது எந்தக் கோயிலிலிருந்தும் வந்ததல்ல. நம்முடையது என்பதால் இதை நெடுங்காலம் யாரும் துருவவில்லை. தாலியிடம் எங்கிருந்து வந்தாய் என்று ஊரைக் கேட்டோம். நிஸா வசனம் சொல்லும் அளவுகோலோ மனவிருப்பம். அதைக் கையிலெடுத்தால், சீதன உறுதியை எழுதிய வாப்பாவிடமும் சட்டம் கையெழுத்துக் கேட்காத மகளிடமும்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.