பிரிக்பீல்ட்ஸ்: குடிகளும் வருவாயும்

கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு நேர்ந்த தீக்கும் வெள்ளத்துக்கும் பின், நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்ப அமைந்த சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. பின்னர் அவ்வட்டாரம் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத் தமிழர் பெரும்பாலும் எழுத்தர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் தொழிலாளர்களாகவும் பணியாற்றினர். ஊதியம் வேறுபட்டதேனும், இரு சாராரிலும் பலர் வாழ்ந்த வீடுகள் வேலையோடு வந்தவை; வேலையோடு போகக்கூடியவை.

இரயில்வே நிலத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சூழ அலுவலகங்களும் அடுக்கு மாடிகளும் எழுந்தன. 2010இல் வட்டாரம் ‘லிட்டில் இந்தியா’ ஆயிற்று. சராசரி வருவாயை மட்டும் நோக்கின், பழைய குடிகளே வளம் பெற்றனர் என நாம் மயங்கக்கூடும். உயர்ந்தது நிலத்தின் மதிப்பு. அந்நிலமோ அவ்வூழியர்களுக்கு உரியதன்று. ஆதலின் ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியை அளக்கும் நாம், அங்கிருந்து பெயர்ந்தோரையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.