தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடங்கள்: அமைப்பும் பயனும்

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி எனப்படுகிறது. மக்கள் வழக்கில் அது பிளஸ் ஒன், பிளஸ் டூ. பத்தாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் எல்லாரும் படிக்கிறார்கள். அதன் பிறகு பாதை பிரிகிறது. பதினைந்து வயதில் எடுக்கும் ‘குரூப்’ பிள்ளையின் எதிர்காலத்தையே முடிவுசெய்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஃபர்ஸ்ட் குரூப் உயர்ந்தது, காமர்ஸ் நடுத்தரம், ஆர்ட்ஸ் வேறு வழியில்லாதவர்களுக்கு என்று ஒரு தரவரிசையும் ஊரில் நிலைத்துவிட்டது. இந்த வரிசை கல்லூரிச் சேர்க்கை விதிகளால் உண்டானது. பாடங்கள் மாணவருக்குத் தரும் பயனை வைத்துப் பார்த்தால் அதற்கு ஆதாரம் இல்லை.

தோற்றம்

1978க்கு முன் தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பு பதினோரு ஆண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்துப் பட்ட வகுப்புக்குப் போனார்கள். டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக்குழு 1966இல் அளித்த அறிக்கை, நாடு முழுவதற்கும் 10+2+3 என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. அதைப் பின்பற்றி 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. கல்லூரியில் இருந்த படிப்பு பள்ளிக்கு வந்தது. கல்லூரி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே போய்வரும் தொலைவில் அதைப் படிக்க முடிந்தது.

2018–19 கல்வியாண்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூ வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆனது. மொத்தம் 1200இலிருந்து 600 ஆகக் குறைந்தது. 2017–18இல் பிளஸ் ஒன் வகுப்புக்குக் கொண்டுவரப்பட்ட பொதுத்தேர்வு 2025–26 முதல் கைவிடப்பட்டது.

பாட அமைப்பு

ஒவ்வொரு மாணவரும் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும். முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் நான்கு முதன்மைப் பாடங்கள். இந்த நான்கின் சேர்க்கைதான் குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் எடுப்பது பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்கியல், பொருளியல் அடங்கியது காமர்ஸ். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் போன்றவை அடங்கியது ஆர்ட்ஸ். இவற்றுக்கு வெளியே தொழிற்கல்விப் பிரிவு தனியாக உண்டு.

சேர்க்கை விதிகளும் தரவரிசையும்

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்ற மதிப்பெண் இதில் சேராது. மருத்துவப் படிப்புக்கு 2017 முதல் நீட் தேர்வு மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. தொழிற்படிப்புகளுக்கு மாநில அரசு 1984இல் கொண்டுவந்த நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றிருந்த நிலை மருத்துவத்தில் இவ்வாறு மாறியது.

இதன் விளைவை வகுப்பறையில் பார்க்கலாம். கட்-ஆஃபில் சேரும் பாடத்துக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு நடக்கிறது. சேராத பாடத்துக்கு உரைநூல் போதும் என்றாகிறது. ஆனால் கட்-ஆஃப் என்பது ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு ஆள் எடுக்கும் அளவுகோல் மட்டுமே. ஒரு பாடம் மாணவரின் சிந்தனைக்கு என்ன செய்கிறது என்பதை அது அளப்பதில்லை.

மொழிப்பாடங்கள்

2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. மேல்நிலையில் முதற்பகுதிக்கு வேறு மொழியை எடுக்க இடமுண்டு. மதிப்பெண் எளிதாக வரும் என்பதற்காகவே பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாறுபவர்கள் இருக்கிறார்கள்.

பொறியியல் சேர்க்கையில் மதிப்பில்லாத தமிழ்ப்பாடத்துக்கு வேலைத் தேர்வில் பெரும் மதிப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 100 தமிழ்ப்பாடத்திலிருந்து வருகின்றன. பட்டம் முடித்த பிறகு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகங்களைத் தேடியெடுத்து நூலகங்களில் உட்கார்ந்து படிப்பவர்களில் பொறியாளர்களும் உண்டு. வேலைக்கு அப்பாலும் மொழிப்பாடத்தின் பயன் விரிவானது. நீண்ட பத்தியைப் படித்துச் சாரத்தைச் சொல்வதும், சொல்ல வந்ததைப் பிழையில்லாமல் எழுதுவதும் மற்ற ஐந்து பாடங்களுக்கும் அடிப்படை.

கணிதமும் அறிவியலும்

கணிதம் ஒரு முடிவு எங்கிருந்து வந்தது என்று படிப்படியாகக் காட்டச் சொல்கிறது. விடை சரியாக இருந்து வழி காட்டப்படாவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது. ஆதாரம் காட்டிப் பேசும் இந்தப் பழக்கம் வகைநுண்கணிதத்தை மறந்த பின்னும் மனத்தில் தங்கக்கூடியது.

வேதியியலின் மதிப்பு ஆய்வகத்தில்தான் தெளிவாகத் தெரியும். பிளஸ் டூ செய்முறையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை பியூரெட்டில் நிரப்பி, கீழே கூம்புக்குடுவையில் இருக்கும் கரைசலில் துளித்துளியாக விடுவார்கள். விழும் துளியின் ஊதா நிறம் உடனுக்குடன் மறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு துளி விழுந்ததும் மறையாத இளஞ்சிவப்பு தோன்றும். அதுதான் முடிவுநிலை. அடுத்த துளி விழுந்தால் அளவு தவறிவிடும். அடுத்தடுத்த இரு அளவீடுகள் ஒத்துவரும் வரை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கண்ணால் கண்டதை அப்படியே எழுதுவது, ஒருமுறை கிடைத்த விடையை நம்பிவிடாமல் மறுபடி சோதிப்பது என்ற இரண்டையும் இந்த ஒரு மணி நேரம் கற்றுத்தருகிறது. ஆய்வகத்துக்கே அழைத்துப் போகாமல் அளவீடுகளை மட்டும் நோட்டில் எழுதவைக்கும் பள்ளி, பாடத்தின் உயிரான பகுதியைப் பறித்துவிடுகிறது.

உயிரியல் வீட்டுக்குள்ளேயே பயன்படும் பாடம். தாய்மாமனை, அத்தை மகனை மணக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிப் படிக்கும் மாணவி, ஒடுங்கு பண்புக்கான மரபணுவைப் பெற்றோர் இருவரும் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பண்பு வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று கணக்கிடக் கற்கிறாள். நெருங்கிய உறவில் இருவருக்கும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதும் அவளுக்குப் புரிகிறது. நிகழ்தகவு, மரபியல், குடும்ப வழக்கம் மூன்றும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

கணக்கியல், வணிகவியல், பொருளியல்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று, வரவு என்று இரு முகங்கள் உண்டு என்பது கணக்கியலின் அடிப்படை. குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு எடுத்துப்போய், இருப்பாய்வு போடும்போது இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் வைத்துப் பிழையைத் தேடுவார்கள். சமமாக வந்துவிட்டாலே கணக்கு சரி என்று ஆகிவிடாது என்பதையும் இதே பாடம் சொல்கிறது. பதியாமல் விட்ட நடவடிக்கையையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரு பிழைகளையும் இருப்பாய்வு காட்டாது. கடை நடத்துபவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், சுயஉதவிக் குழுத் தலைவி என எல்லாருக்கும் வேண்டிய அறிவு இது. விலைவாசி, வரி, வட்டி, வேலைவாய்ப்பு பற்றிய செய்திகளைப் புரிந்துகொள்ளப் பொருளியல் உதவுகிறது.

வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல்

தரவரிசையில் கீழே தள்ளப்பட்ட இந்தப் பாடங்கள்தாம் குடிமக்களை உருவாக்குபவை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பழந்தமிழர் மக்களாட்சிக்குச் சான்றாகப் பேச்சாளர்கள் பலர் காட்டுவார்கள். வரலாற்று மாணவர் ஊர்ச்சபை உறுப்பினருக்கு அதில் விதிக்கப்பட்ட தகுதிகளையும் படிப்பார். வரி செலுத்தும் நிலம், சொந்த வீடு, வேதப் பயிற்சி, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது ஆகியவை வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறை வியப்புக்குரியது என்பதும், அது எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் சேர்ந்தே உண்மை. பெருமையையும் வரம்பையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தப் பயிற்சியை வேறெந்தப் பாடமும் இந்த அளவுக்குத் தருவதில்லை.

டோப்போ ஷீட் எனப்படும் நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் படிக்கப் புவியியல் கற்றுத்தருகிறது. அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்ட சென்னையில் இந்த அறிவின் தேவையை விளக்க வேண்டியதில்லை. அரசியல் அறிவியல் படித்தவருக்கு ஊராட்சி, சட்டமன்றம், நீதிமன்றம் மூன்றின் அதிகார எல்லையும் தெரியும். எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவர் அறிவார்.

தொழிற்கல்வியும் தேர்வில்லாப் பாடங்களும்

வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை மின்பொறியியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும் ஆகியவை தொழிற்கல்விப் பிரிவில் அடங்கும். கையால் செய்து கற்கும் பிள்ளைகளுக்கு இவை பொருத்தமானவை. பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்கெனச் சிறு பங்கு இடங்கள் உண்டு. மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாக இப்பிரிவை நடத்துவது அநீதி.

உடற்கல்வி, ஓவியம், இசை போன்றவற்றின் நிலை இன்னும் மோசம். பொதுத்தேர்வு நெருங்கியதும் பி.டி. பீரியடைக் கணித ஆசிரியரோ வேதியியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். வளரும் வயதில் உடலுக்கு ஓட்டமும் ஆட்டமும் தேவை. அந்த நேரத்தைப் பிடுங்குவது படிப்புக்கும் கேடு.

மதிப்பீடு

பாடங்களை ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதற்குச் சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை சான்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். வயதளவில் அது இன்றைய மேல்நிலைக்கு நிகரான படிப்பு. கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்ச்சி கிட்டவில்லை. பல பாடங்களையும் கற்பது பெரும்பாலோருக்கு நன்மை. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் ஏற்பாடு அரிய திறமையைத் தவறவிடும். இன்று ஃபர்ஸ்ட் குரூப்பை எல்லார் மீதும் திணிப்பதும் அதே தவறுதான்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, “எந்தப் பாடத்தை நீயாகவே எடுத்துப் படிக்கிறாய்?” என்ற கேள்வியை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் குறிப்பிட்ட பாடங்கள் தேவை. அவற்றை விரும்புகிறவர்கள் அந்தப் பிரிவில் சேரட்டும். அதைத் தாண்டியும் வழிகள் பல உண்டு. ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் எந்தக் குரூப் மாணவரும் சேரலாம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற எவரும் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம். பிளஸ் டூவில் என்ன குரூப் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.