புள்ளியாய் நின்ற மாவட்டம்

இலங்கைத்துறையைத் தன்னகத்தே கொண்ட திருகோணமலை மாவட்டத்தின் குடித்தொகை வரலாற்றை ஆராயப் புகுவோர், 1981ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு வெற்றிடத்தை எதிர்கொள்வர். 1871 முதல் நடைபெற்றுவந்த குடிசன மதிப்பீடு, 1991இல் போரினால் நடைபெறவேயில்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையுற்றது. திருகோணமலையில் ஒரு பகுதியினரே எண்ணப்பட்டனர்.

இதே காலத்தில் எண்ணுங் கருவிகளோ பெரிதும் வளர்ந்துவிட்டன. தரவைத் திருத்துதல், கணித்தல், அட்டவணையாக்கல் ஆகிய யாவற்றையும் ஒருங்கே ஆற்றும் சாஸ் என்னும் மென்பொருட் தொகுதி அவற்றுள் ஒன்று. கிடைக்காத எண்ணை அது ஒரு புள்ளியால் குறிக்கும். பூச்சியம் வேறு, புள்ளி வேறு என்பதை அப்பொறி அறியும். அட்டவணையின் மொத்தத்தை மட்டும் நோக்கும் நாம்தாம் மறந்துவிடுகிறோம்!

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, இங்கு வாழ்ந்தோர் எத்தனை பேர் எனக் கூறவல்ல முழுமையான மதிப்பீடு இருபத்துமூன்று ஆண்டுப் பழமையுடையதாயிருந்தது. அடுத்த முழுமையான மதிப்பீடு 2012இலேயே நிகழ்ந்தது.