இரும்புப் பந்தும் ஆறிலக்க எண்ணும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில், மாலை வேளைகளில் போத்தனூர்ச் சந்திப்பில் நின்று, பொள்ளாச்சிக்குப் புறப்படும் புகைவண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1915-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாதை அந்நாளில் மீட்டர் கேஜ் ஒற்றைவழிப் பாதை. போவதற்கும் வருவதற்கும் ஒரே தண்டவாளந்தான். வண்டி நகருமுன் ஓட்டுநரிடம் ஒரு பிரம்பு வளையத்தை நீட்டுவார்கள். அதில் கோத்த தோற்பையினுள் ஓர் இரும்புப் பந்து இருக்கும். “கைகாட்டிதான் இறங்கிவிட்டதே, பந்து எதற்கு?” என்று ஒரு நாள் அங்கிருந்த முதிய ஊழியரிடம் கேட்டேன். “கண்ணு, இதை நான் ஒருத்தன் நினைச்சா எடுக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன்காரரும் அங்கிருந்து விட்டாத்தான் வரும்” என்றார் அவர். இன்று உங்கள் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் காத்து நிற்பது அந்த விடையே. அதன் வரலாற்றைச் சற்றே காண்போம்.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நாரிச் நகருக்கருகே தார்ப் என்னுமிடத்தில், ஒற்றைவழிப் பாதையொன்றில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எதிர் வண்டியை வரச்சொல்லும் தந்திச் செய்தியில் அதிகாரி கையொப்பமிட்ட பின்னரே அதை அனுப்பவேண்டும் என்று விதி இருந்தது. ஆயினும் கையொப்பமில்லாமலே செய்தி போய்விட்டது. விதி ஏட்டில் இருந்தது; அதை மீறவிடாமல் தடுக்கும் பூட்டுத்தான் இல்லை.

அந்தப் பூட்டை எட்வர்ட் டையர் என்னும் பொறியாளர் சில ஆண்டுகளில் உருவாக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள இரு கருவிகளை மின்கம்பி இணைக்கும். இரு நிலைய அதிகாரிகளும் ஒருசேர இயக்கினாலன்றி அடையாளம் வெளிவராது. ஒன்று வெளிவந்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் சேரும்வரை மற்றொன்று வராது. நம் நாட்டில் நீல் என்பாரின் பெயர்கொண்ட பந்துக் கருவி பெருவழக்காயிற்று. இத்தகைய பாதுகாப்புக் கருவிகளைச் செய்யும் சைகை, தொலைத்தொடர்புப் பணிமனை நம் போத்தனூரிலேயே இருப்பது நமக்குப் பெருமை.

இதே கருத்து பின்னர்ப் பண உலகிலும் புகுந்தது. 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரமொன்றைத் திறந்தது. அதை அமைத்த ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். கையில் ஒரு தனிக் காசோலை, நெஞ்சில் ஓர் இரகசிய எண்; இரண்டும் பொருந்தினால்தான் பணம் வரும். ஆறு இலக்கம் வைக்க எண்ணியவர், தம் மனைவிக்கு நான்கே நினைவில் நிற்கும் என அறிந்து நான்காகக் குறைத்தார்.

கணிப்பொறியோ நெடுங்காலம் கடவுச்சொல் ஒன்றையே நம்பியிருந்தது. அதன் பலவீனமும் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் 1962-ஆம் ஆண்டிலேயே, தமக்களித்த கணிப்பொறி நேரம் போதாத ஓர் ஆய்வு மாணவர், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்! இணையத்தில் அட்டை வழியே பொருள் வாங்குவோர், அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்றையும் தரவேண்டும் என்று நம் ரிசர்வ் வங்கி 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கியது.

இவ்வாறு இரு சான்று கேட்பதையே இருபடிச் சரிபார்ப்பு என்கிறோம். இரண்டாம் சான்றான ஆறிலக்க எண் குறுஞ்செய்தியாக வரலாம். கைப்பேசிச் செயலியே கணித்தும் தரலாம். செயலியிலும் நிறுவனத்தின் கணிப்பொறியிலும் ஒரே இரகசியம் முன்னரே பதிந்திருக்கும். இரண்டும் கடிகாரத்தைப் பார்த்து ஒரே எண்ணைக் கணிக்கும். பெரும்பாலும் முப்பது நொடிக்கொருமுறை எண் மாறும்.

ஆனால் பந்துக்கும் எண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பந்தைத் தொலைபேசியில் அனுப்ப முடியாது. எண்ணை வாயால் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டு, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய ஒருவர், என் கணக்கு முடங்கப் போவதாக அச்சுறுத்தி, வந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். பதற்றத்தில் முதல் மூன்று இலக்கங்களைச் சொல்லியும்விட்டேன். அப்போது பழைய தோற்பை நினைவுக்கு வரவே, தொலைபேசியை வைத்தேன். அவரிடம் என் கடவுச்சொல் ஏற்கெனவே இருந்திருக்கலாம். எஞ்சிய மூன்று இலக்கங்களே என் சேமிப்பைக் காத்தன.

ஆகவே நண்பர்களே, இன்றே உங்கள் கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கைப்பேசி தொலைந்தால் உதவும் மாற்று எண்களைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். யார் கேட்பினும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். இரு சான்றுகளும் ஒரே கைக்குப் போய்விட்டால், இரண்டு இருந்தும் பயனில்லை. பொள்ளாச்சிப் பாதை இன்று அகலப் பாதையாகிவிட்டது. பிரம்பு வளையத்தையும் அங்கே காணோம். அந்த முதியவர் சொன்ன சொல் மட்டும் பழையதாகவில்லை.