துரும்பன் பூனையும் மதனகாமப்பூவும்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழும் ஒரு சிறு வேட்டை விலங்கும், சைக்கஸ் இனத் தாவரமும்.

தோற்றம்: துரும்பன் பூனை உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளுள் ஒன்று, எடை பெரும்பாலும் 1 முதல் 1.6 கிலோ. இந்தியா, இலங்கை, நேபாளத்தில் காணப்படுகிறது. மதனகாமப்பூ எனப்படும் சைக்கஸ் சர்சினாலிஸ், பனை போலத் தோன்றினாலும் பூக்காத, திறந்த விதைத் தாவரம். ஆண், பெண் மரங்கள் தனித்தனி.

தொன்மை: சைக்கஸ் வகைத் தாவரங்களின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 28 கோடி ஆண்டுப் பழமையானவை, டைனோசர்களுக்கும் முந்தியவை. பூனைக் குடும்பத்தின் வரலாறு சுமார் 3 கோடி ஆண்டுகளே. ஆயினும் இன்றுள்ள சைக்கஸ் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1.2 கோடி ஆண்டுகளில் கிளைத்தவை என்று 2011இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இன்றைய பூனை மரபுகள் பிரிந்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். எனவே சைக்கஸை மாறாத ‘வாழும் புதைபடிவம்’ என்பது பொருந்தாது.

வாழ்முறை: பூனை இரவில் எலி, பறவை, பல்லி ஆகியவற்றை வேட்டையாடும். சைக்கஸின் பவள வடிவ வேர்களில் வாழும் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனை நிலைப்படுத்துவதால், அது வளம் குன்றிய மண்ணிலும் தழைக்கும். அதன் விதை நச்சுடையது.

பாதுகாப்பு: வாழிட இழப்பு இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. சைக்கஸ் இலைகளும் கூம்புகளும் அலங்காரத்துக்கும் மருந்துக்கும் மிகுதியாக வெட்டப்படுகின்றன. மெதுவாக வளரும் அம்மரத்தைக் காட்டிலேயே காப்பது இன்றியமையாதது.