வெள்ள நேரத்துல மெனுவைத் தேட விடாதீங்க! வேர்ட்பிரஸ் மெனுவை கோட்லயே எழுதுவது எப்படி?

பூண்டி ஏரியில தண்ணி திறந்தா, கொசஸ்தலை ஆறு எண்ணூர்ல கடலைத் தொடுறதுக்கு முன்னாடி சடையங்குப்பம் பக்கமாத்தான் வரும். 2021 நவம்பர் வெள்ளம் அங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இந்த ஊருக்கு ஒரு தகவல் வெப்சைட் செய்றதா வெச்சுப்போம். போன்ல சார்ஜ் 9 சதவிகிதம். உதவி எண் எங்கே இருக்கு?

வேர்ட்பிரஸ்ல மெனு வசதி வந்தது 2010 ஜூன்ல, 3.0 பதிப்பில். டேஷ்போர்டுலயே இழுத்துப்போட்டு மெனு செய்யலாம்தான். ஆனா, சைட்டை வேறொரு சர்வர்ல புதுசா நிறுவினா, எல்லாத்தையும் மறுபடி கையால செய்யணும். கோட்ல இருந்தா தீமை ஆக்டிவேட் பண்ணினதும் மெனு தயார்.

முதல்ல 'ரெஜிஸ்டர் நேவ் மெனுஸ்' ஃபங்ஷன். தீமோட ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல எழுதினா, 'மேல் மெனு'னு ஒரு இடம் உருவாகும். இது வெறும் இடம்தான், உள்ளே எதுவும் இருக்காது. ஹெடர் ஃபைல்ல 'டபிள்யூபி நேவ் மெனு'வை அழைச்சா, அந்த இடத்துக்கான மெனு திரையில வரும். ஒண்ணு கவனிங்க: அந்த இடத்துக்கு மெனு எதுவும் ஒதுக்கலைன்னா, வேர்ட்பிரஸ் தானாவே எல்லா பக்கங்களையும் வரிசையா கொட்டிடும். 'ஃபால்பேக்'கை ஃபால்ஸ்னு கொடுத்தா அது நிக்கும்.

அடுத்து 'கிரியேட் நேவ் மெனு'. இதுக்கு முன்னாடி அதே பேர்ல மெனு ஏற்கெனவே இருக்கான்னு செக் பண்ணுங்க; இருந்தா திரும்ப சேர்க்க வேண்டாம். இதை 'இனிட்' ஹூக்ல போட்டா ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் ஓடும். தீம் மாறும்போது ஓடுற ஹூக்தான் சரி. உருவான மெனுவை 'மேல் மெனு' இடத்துக்கு ஒதுக்கவும் மறக்காதீங்க.

ஐட்டங்களைச் சேர்க்கும்போது பலரும் தலையைப் பிச்சுக்கிறது இங்கேதான். ஸ்டேட்டஸை 'பப்ளிஷ்'னு கொடுக்கலைன்னா அது டிராஃப்ட்டாவே கிடக்கும், திரையில வராது. எரரும் காட்டாது!

மாநகராட்சியின் 1913-ஐ கஸ்டம் லிங்க்கா, எண்ணுக்கு முன்னாடி 'டெல்' போட்டு முதல் ஐட்டமா வைங்க. தொட்டதும் டயலர் திறக்கும். சப்மெனுவுக்குள்ள மட்டும் அதை ஒளிச்சு வைக்காதீங்க. மவுஸை மேல கொண்டுபோனா விரியுற மெனு போன்ல சரியா வேலை செய்யாது.

இதெல்லாம் கிளாசிக் தீமுக்கு. பிளாக் தீம்ல நேவிகேஷன் பிளாக் இருக்கு, அதோட வழியே தனி.