ஊல்டியாவின் செம்மணல்

தென் ஆஸ்திரேலியாவில், நல்லர்பார் சமவெளியின் விளிம்பில், செம்மணல் மேடுகளுக்கு நடுவே இருக்கிறது ஊல்டியா ஊற்று. கடும் வறட்சியிலும் வற்றாத அந்தத் தண்ணீரை நம்பி, பாலைவனத்தின் பல திசைகளிலிருந்தும் அனங்கு பழங்குடியினர் அங்கே கூடினார்கள். பண்டமாற்றும் சடங்குகளும் அங்கே நடந்தன. உலகை உருவாக்கிய மூதாதையரின் தடங்களும் அவர்கள் வகுத்த நெறியும்தான் அனங்கு மக்களின் ‘ஜுகுர்ப்பா’. அது மண்ணிலேயே பதிந்திருக்கிறது. குன்றுக்கும் ஊற்றுக்கும் கதை உண்டு, பாட்டு உண்டு, காக்கும் பொறுப்புள்ளவர்கள் உண்டு. உற்சவ மூர்த்தியைப் போல அதை வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்ய முடியாது.

1917இல் கண்டம் கடக்கும் ரயில்பாதை ஊல்டியா வழியாக வந்தது. நீராவி எஞ்சின்களுக்காக ஊற்றுநீர் இறைக்கப்பட்டது. 1933இல் கிறிஸ்தவ மிஷன் ஒன்று வந்தது. அதன் நிர்வாகத்துக்குள் எழுந்த பூசலால் 1952இல் அது திடீரென மூடப்பட, மக்களில் பெரும்பாலோர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கே யாலட்டாவில் குடியேற்றப்பட்டார்கள். அங்கே சாம்பல் நிறச் சுண்ணாம்பு மண். அவர்களுடைய மூதாதையர் நடக்காத நிலம்.

திரும்பிப் போகவும் வழியில்லாமல் போயிற்று. ஊல்டியாவுக்கு வடக்கே மாரலிங்காவில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பிரிட்டன் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. ஆஸ்திரேலிய அரசு அனுமதி கொடுத்தது. அந்த மண்ணின் மக்களை யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கைப் பலகைகளோ அவர்கள் படிக்க முடியாத ஆங்கிலத்தில் இருந்தன.

1957 மே மாதம், அவற்றில் ஒன்றான மார்க்கூ குண்டு தோண்டிய பள்ளத்தின் அருகே ஒரு குடும்பம் தங்கியிருந்தது. கணவன், கர்ப்பிணி மனைவி, இரண்டு குழந்தைகள். மிஷன் மூடப்பட்டது தெரியாமல் ஊல்டியாவை நோக்கி நடந்து வந்தவர்கள். கதிரியக்கத் தூசு போக அவர்களைக் குளிப்பாட்டி யாலட்டாவுக்கு அனுப்பினார்கள். கூட வந்த நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தாயின் குழந்தை இறந்தே பிறந்தது.

யாலட்டாவில் ஒரு தலைமுறை வளர்ந்தது. சடங்குத் தலங்களுக்குப் போக முடியாததால், அங்கேயே நின்று பாடிக் கற்பிக்க வேண்டியதை முதியவர்களால் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியவில்லை. பெரியவர்களின் அதிகாரம் தளர்ந்தது. மது புகுந்தது, சண்டைகளும் அகால மரணங்களும் பெருகின.

ஆனாலும் அவர்கள் நிலத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை. 1984இல் தென் ஆஸ்திரேலியா தனிச் சட்டம் இயற்றிப் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. உடனே பல குடும்பங்கள் வடக்கே சென்று, செம்மணலில் ஓக் வேலி என்ற குடியிருப்பை அமைத்தன. 1994இல் 1.35 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கிடைத்தது. குண்டு வெடித்த நிலம் 2009இல்தான் கைக்கு வந்தது. அதே ஆண்டில் யாலட்டா, ஓக் வேலி ஆகிய இரு ஊர் மக்களும் தங்கள் ஓவியங்களோடு தங்கள் வரலாற்றைப் புத்தகமாக்கினார்கள். புளூட்டோனியம் சிதறிய பகுதியில் வேட்டையாடலாம், கடந்து போகலாம். நிரந்தரமாகக் குடியிருக்க இன்றும் அனுமதி இல்லை.